மேற்குரலோன் அல்பிறெட் டெலர்: சில எண்ணங்கள்

கருநாடக இசை பயிலப் புகும் மாணவனுக்கு ஆசான் முதன்முதல் விடுக்கும் எச்சரிக்கைகளுள் 'கள்ளத்தொண்டையிற் பாடாதே' என்பதும் ஒன்று. மேல்ஸ்தாயியை எட்டமாட்டாத பாடகன் தன் இயற்கைக் குரலைக் கைவிட்டு, மெல்லியதொரு வேறு குரலைக் கடன் வாங்கி அவ்வுயரத்தைத் தொட்டுக் காட்டுவதையே நம்மவர் கள்ளத்தொண்டை என்பர். எச்சரிக்கை நியாயமானதே. திறந்த குரலிலே தோய்ந்து வளர்ந்த நம்மிசைக்கு அக்கடன் ஒவ்வாது. ஆயின், அச்சொல்லில் ஒட்டிக்கிடக்கும் களவு என்னும் பழி எவ்விடத்தும் எவ்விசைக்கும் பொருந்துமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும்.

இதற்கு யாம் எடுத்துக்கொண்ட சான்று ஆங்கில நாட்டுப் பாடகர் ஒருவரின் வாழ்வு. தமிழாசிரியனுக்கு மேனாட்டு இசைவாணனிடத்து என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். மிடற்றுப் பாடலுக்கு மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கு வகுத்த மொழியைக் கற்பிப்பவனுக்குக் குரலைப் பற்றிய வழக்கு எந்நாட்டில் நிகழினும் அயல்வழக்கு ஆகாது.

முதற்கண் அக்குரல் இன்னதென்று கூறிவிடுதல் வேண்டும். மேனாட்டுப் பாடற்குழுவிலே பெரும்பாலும் நான்கு குரற்பகுதிகள் உண்டு. உச்சியிலுள்ள பகுதியைச் சிறுவரோ பெண்டிரோ பாடுவர். அடியிலுள்ள இரண்டும் ஆடவர்க்குரியன. உச்சிக்கு அடுத்ததாக நிற்பது 'அல்ரோ' எனப்படும் பகுதி. ஆங்கில நாட்டுப் பேராலயக் குழுக்களிற் பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் இடம்பெறாமையால், இப்பகுதியை வளர்ந்த ஆடவரே பாடிவந்தனர். அவ்வுயரத்திலே தனிப்பாடல் பாடும் ஆடவனைக் 'கவுன்ரர்ரெனர்' என்பர். யாம் மேற்குரலோன் என்று வழங்குவோம்.

குரல்வளையினுள் இரண்டு மடிப்புகள் உள. ஆடவன் பேசும்போது அவை தம் தடிப்பு முழுவதும் அதிர்கின்றன. மேற்குரலிற் பாடும்போதோ அவை இழுத்து நீட்டப்பட்டு மெலிகின்றன. பெரும்பாலும் விளிம்புகளே அதிர்கின்றன. வீணையின் தந்தியை முறுக்கச் சுருதி ஏறுவதை ஒக்கும் இது. ஆதலின் மேற்குரலோர் பலர் பேசும்போது ஏனைய ஆடவரைப் போலவே தாழ்ந்த குரலிற் பேசுவர். ஈண்டு ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். பழைய இத்தாலி நாட்டிலே குரல் உடையாதிருத்தற்பொருட்டுச் சிறுவர்க்கு அறுவை செய்து உச்சக்குரற் பாடகராக்கிய கொடுமை ஒன்றிருந்தது. அவர்களுள் தனிக்குரலை ஒலித்தட்டிற் பதித்துச் சென்ற அலெசாந்திரோ மொறெஸ்கி என்பார் 1922இல் மறைந்தார். மேற்குரலோர் அவ்வினத்தவரல்லர். இவர்கள் உடலிற் குறையாதுமின்றி, பயிற்சி ஒன்றினாலேயே அவ்வுயரத்தில் நிலைப்பவர்.

அல்பிறெட் டெலர் 1912ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி, கென்ற் மாவட்டத்துக் கடற்கரைப் பட்டினமாகிய மார்கேற்றிலே பிறந்தார். சிறுவனாய் உள்ளூர்த் தேவாலயக் குழுவிற் பாடினார். பதின்மப் பருவத்தில் எல்லாச் சிறுவர்க்கும் நேர்வது அவருக்கும் நேர்ந்தது; குரல் உடைந்தது. உடைந்த பின்னர்த் தாழ்ந்த குரலுக்கு இறங்கிப் பாடுதலே உலக வழக்கு. டெலரோ, பேச்சுக்குரல் தாழ்ந்துவிட்ட போதிலும், பாட்டிலே மேலேயே நின்றார். பெரிய இசைக்கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காகப் பயின்று பட்டம் பெற்றவரல்லர். பெரும்பாலும் தாமே தமக்கு ஆசிரியராயினர். பிழைப்புக்கு வேறு வேலை செய்துகொண்டு, ஆலயங்களிற் பாடிப் பாடியே அக்குரலைப் பண்படுத்தினார். 1940இல் கன்ரபரிப் பேராலயப் பாடற்குழுவிலே அல்ரோப் பாடகராக அமர்ந்தார். அப்போது வயது 28.

இவ்விடத்தே சிறிது தங்கிச் செல்ல விரும்புகின்றோம். இவருடைய வாழ்வைச் சுருக்கி உரைப்போர் பலர் இப்பகுதியை ஒரு வரியிற் கடந்து, பின்வந்த புகழுக்கு விரைகின்றனர். எம் கருத்தில் வேர் இங்கேயே உள்ளது. பேராலயப் பாடகரின் பணி எத்தகையதென்று எண்ணிப் பார்க்க. நாள்தோறும் மாலை வழிபாடு உண்டு. ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் நூற்றைம்பது சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாள்களுக்கும் காலை மாலையெனப் பங்கிட்டு வைத்துள்ளது. அதன் வழி நிற்பின் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுத் தொடங்கும். பதினாறாம் நூற்றாண்டுப் பாடல் ஒருநாள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடல் மறுநாள். ஒத்திகைக்குக் கிடைக்கும் நேரமோ மிகச் சிறிது. ஏட்டைக் கண்டவுடன் பாடும் வல்லமை இல்லாதவன் அங்கே ஒரு கிழமையும் நிற்கமாட்டான். குழு ஒன்றையொன்று நோக்கிய இரு வரிசைகளாய்ப் பிரிந்து நிற்கும். ஒரு வரிசை ஓர் அடியைப் பாடி நிறுத்த, மறு வரிசை அடுத்த அடியை வாங்கிக்கொள்ளும். நம் கோயில்களில் ஓதுவார் ஒருவர் பாடப் பின்னவர் தொடர்வதைக் கண்டவர்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று.

அங்கே தன் குரலை மாத்திரம் வெளிக்காட்டுபவன் குற்றவாளி. பக்கத்திலிருப்பவனின் மூச்சையும் சொல்லின் முடிவையும் செவியில் ஏந்திக்கொண்டே பாடுதல் வேண்டும். உயர்ந்த கற்கூரையின் கீழே ஒலி நெடுநேரம் சுழலுமாதலின், மெய்யெழுத்தைத் தெளிவாய் உச்சரியாதவனின் பாட்டு வெறும் முழக்கமாய் முடியும். டெலரின் பாட்டைக் கேட்டோர் யாவரும் வியப்பது அவர் சொல்லைக் கையாளும் நுட்பத்தை. ஒரு சொல்லின் மேல் குரலைச் சிறிதே பெருக்கி, பின் நூலிழை போற் குறைத்து, பொருளுக்கேற்ற நிறத்தை அதற்கு ஊட்டுவார். இதனைத் தெய்வம் கொடுத்த வரம் என்று போற்றுவோர் உளர். யாம் அவ்வாறு சொல்லத் துணியோம். ஏழு ஆண்டுகள் நாள்தோறும் சங்கீதம் பாடிய நாவுக்கு அந்நுட்பம் கைகூடியதில் அற்புதம் ஒன்றுமில்லை.

அக்காலம் போர்க்காலமாகவும் இருந்தது. 1942 ஜூன் மாதத் தொடக்கத்திற் கன்ரபரி நகரின் மீது குண்டு மாரி பொழிந்தது. பேராலயம் தப்பியது, அதன் நூலகம் தப்பவில்லை. இவ்வாறு இடிபாடுகளின் நடுவே பாடிக்கொண்டிருந்த டெலரை உலகுக்குக் காட்டியவர் மைக்கல் ரிப்பெற் என்னும் இசையமைப்பாளர். இவர் இலண்டன் மோர்லிக் கல்லூரியின் இசைப்பகுதித் தலைவர். போர்க்கால ஏவலுக்கு உடன்படாமைக்காக 1943இற் சிறை சென்றவர். கன்ரபரிக் குழுவினர்க்கென ஒரு பாடல் அமைக்கும் தொடர்பினால் அங்கு வந்தவர், டெலர் பாடக் கேட்டார். கேட்ட மாத்திரத்தே, தாம் நெடுநாள் தேடிய குரல் இதுவெனத் தெளிந்தார்.

தேடியதேன் என்பதை அறிய ஹென்றி பேர்சலின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். பேர்சல் 1659இற் பிறந்து 1695இல் மறைந்தவர். ஆங்கில நாடு ஈன்ற இசையமைப்பாளருள் முன்வரிசையினர். அவர் பிறந்தபோது ஆங்கிலப் பேராலயப் பாடற்குழுக்கள் உள்நாட்டுப் போரின் விளைவாய் வாயடைத்துக் கிடந்தன. 1660இல் அரசு மீண்ட பின்னரே குழுக்களும் மீண்டன. பேர்சல் தம் சிறந்த பாடல்கள் பலவற்றை மேற்குரலோர்க்கென்றே எழுதினார். 1694இல் மேரி அரசியின் பிறந்தநாளுக்கு அவர் அமைத்த வாழ்த்துப்பாவில், மேற்குரலோர் இருவர் எதிரெதிர் நின்று எக்காளத்தை அழைக்கும் பகுதி ஒன்றுண்டு. பின்வந்த காலத்தில் மேடையிலே அக்குரல் அருகி, பேராலயப் பலகையில் மாத்திரம் எஞ்சியது. ஆதலின் பேர்சலின் பாடல்களை வேறு குரலினரிடம் ஒப்படைத்துப் பாடுவித்தனர். நாதசுரத்துக்கு அமைந்ததை ஆர்மோனியத்தில் வாசித்தாற் போன்றது அது. சுரம் இருக்கும், சுவை வேறாகும். ரிப்பெற் கன்ரபரியிற் கண்டெடுத்தது பாடகர் ஒருவரை மாத்திரமன்று. பேர்சல் தம் செவியிற் கேட்டிருந்த ஓசையையும் அங்கேயே கண்டெடுத்தார்.

1944ஆம் ஆண்டளவில் டெலர் மோர்லிக் கல்லூரி அரங்கிற் பாடலானார். 1946 செப்டெம்பர் 29ஆந் திகதி பி.பி.சி. நிறுவனம் கலைக்கெனத் தொடங்கிய மூன்றாம் ஒலிபரப்பின் தொடக்க நாளில், மேற்கூறிய பிறந்தநாள் வாழ்த்துப்பாவில் அவர் குரல் நாடெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு இலண்டன் புனித பவுல் பேராலயக் குழுவுக்கு மாறினார். கவனிக்க: புகழ் வாயிலில் வந்து நின்ற பின்னரும் அவர் நாடியது மற்றொரு பேராலயப் பலகையையே.

புகழோடு ஏளனமும் வந்தது. நெடிதுயர்ந்த உடலும் தாடியும் உடைய ஓர் ஆடவர், மணமாகி மக்களைப் பெற்றவர், வாய் திறந்தவுடன் பெண்குரலோ என மயங்கத்தக்க ஓசை எழுந்தால், பழக்கமில்லாத அவையினர் நகையாது என் செய்வர்? அவருடைய ஆண்மையையே ஐயுற்று வினவியோரும் இருந்தனர். நம்மவர் கள்ளத்தொண்டை என்று கூறும் பழியை அந்நாட்டவர் வேறு சொற்களிற் கூறினர்; அவ்வளவே. டெலர் அதற்கு வாதத்தால் விடை கூறிக்கொண்டிருக்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தார்.

1948இல் 'டெலர் கொன்சோற்' என்னும் சிறு பாடற்குழுவை அவர் நிறுவினார். பகுதிக்கு ஒருவர் என்னும் அளவில் அமைந்த குழு அது. பழைய ஆங்கிலப் பல்குரற் பாடல்களையும் இத்தாலியப் பாடல்களையும் பாடி நாடு பல சுற்றியது. ஒலித்தட்டுகள் பலவற்றைப் பதிந்தது. தனியாகவும் அவர் பாடினார். டெஸ்மண்ட் டுப்பிறே என்பார் லூற் என்னும் நரம்புக்கருவியை மீட்ட, ஜோன் டௌலன்டின் துயரப் பாடல்களைப் பாடிய தட்டுகளை இன்றும் தேடிக் கேட்கின்றனர். தனிப்பாடகராய்ப் பேர் பெற்றவர்க்குக் குழு ஒரு சுமையாகாதோ என்பது சிலர் வினா. குழுப்பாட்டு ஒருவனின் தனித்தன்மையை மழுக்கிவிடும் என்று இசையாசிரியர் சிலர் கூறவும் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றை யாம் முற்றாய் மறுக்கின்றோமல்லோம். பலரை அது மழுக்கியும் இருக்கலாம். ஆனால் டெலரின் தனிப்பாடலில் நம்மைப் பிணிப்பது எது? உரத்துக் கூவாமை, தன்னைக் காட்டாது பாட்டைக் காட்டல், லூற்றின் மெல்லொலிக்குத் தன் குரலைத் தாழ்த்தி இடங்கொடுத்தல். இவையாவும் குழுவிற் கற்ற ஒழுக்கங்களே. பெரிய அரங்குகளை நிரப்பும் பருங்குரல் அவரிடம் இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் நீள் ஒலித்தட்டு வந்து சேர்ந்தது. மென்குரலை வீட்டுக்குள் அருகிருந்து கேட்க வழி செய்தது. காலமும் கருவியும் அவருக்கு உதவின என்பதையும் மறைத்தல் தகாது.

அவர் குரலின் எல்லை வெளிப்பட்டது நாடக மேடையில். பென்ஜமின் பிறிற்றன் என்னும் இசையமைப்பாளர், சேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தை இசை நாடகமாக்கியபோது, வன தேவதைகளின் அரசனாகிய ஓபெறன் என்னும் பாத்திரத்தை டெலரின் குரலை எண்ணியே படைத்தார். மண்ணுலகினன் அல்லாத ஓர் அரசனுக்கு மண்ணுலகில் வழங்காத குரல் வேண்டும் அல்லவா? 1960 ஜூன் 11ஆந் திகதி ஓல்ட்பரோ என்னும் சிற்றூரில் அது அரங்கேறியது. அம்மண்டபத்தின் பெயரும் ஜூபிலி மண்டபமே என்பது இம்மலரைப் படிப்போர்க்கு உவப்பாகலாம். நடிப்பிற் பழக்கமில்லாத டெலரை விமரிசகர் கடிந்தனர். மறு ஆண்டு இலண்டன் கொவென்ற் கார்டன் பேரரங்கில் அந்நாடகம் ஏறியபோது, ஓபெறனாக நின்றவர் றசல் ஓபர்லின் என்னும் அமெரிக்கப் பாடகர். தமக்கென்றே தைத்த உடையை மற்றொருவர் அணியக் காண்பது எளிதோ? ஆயினும் 1966இல் பிறிற்றன் தாமே இசைக்குழுவை நடத்தி அந்நாடகத்தை ஒலித்தட்டிற் பதிந்தபோது, ஓபெறனைப் பாட டெலரையே அழைத்தார். மேடையின் கண்கள் கண்ட குறையைச் செவி காணாது. அத்தட்டே யாம் சொல்ல வந்த வழக்குக்குத் தக்க சாட்சி.

அவர்க்குப் பின்வந்தோர் பலர். 1941 முதல் 2023 வரை வாழ்ந்த ஜேம்ஸ் போமன், சிறுவனாய் ஈலிப் பேராலயக் குழுவிற் பாடியவர். 1967 முதல் ஓபெறன் பாத்திரத்தைத் தமதாக்கிக்கொண்டவர். அவருடைய குரல் டெலரின் குரலினும் பெரிது. நாடக மேடைக்கு ஏற்றது. இன்று ஹன்டலின் இசை நாடகங்களில் வரும் வீரரையும் வேந்தரையும் மேற்குரலோர் முழங்கிப் பாடுகின்றனர். 2024இற் பாரிஸ் நகர ஒலிம்பிக் தொடக்க விழாவிலே போலந்து நாட்டு மேற்குரலோன் யாக்கூப் யோசெப் ஓர்லின்ஸ்கி பாடியதை உலகம் கண்டது. அவரும் இளமையிற் குழுப்பாடகராய்த் தொடங்கியவரே. இவர்களோடு ஒப்பிட்டு டெலரின் பாட்டை வெளிறியது, மெலிந்தது என்று இகழ்வோர் உளர். ஹன்டலின் போர்ப்பாடல்களைப் பொறுத்தவரை அவ்விகழ்ச்சியில் உண்மை உண்டு. அங்கே அவரை யாம் விரும்பிக் கேளோம். பேர்சலிலும் டௌலன்டிலும் அவரோடு ஒப்பவைக்கத் தக்கவர் மிகச் சிலரே என்பது எம் துணிபு.

இனி, இக்கதை நம் பாடசாலைகளுக்கு உரைப்பது யாது என்பதைச் சொல்லாது விடின் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகும். காலை வழிபாட்டிலே ஐந்து கட்டைச் சுருதியிற் பஞ்சபுராணம் பாடிய சிறுவனை நாம் அறிவோம். பரிசளிப்பு விழாவுக்கு அவனையே முன்னிறுத்துவோம். எட்டாம் ஒன்பதாம் வகுப்பை அடைய, குரல் கரகரக்கின்றது; ஒருநாள் தேவாரத்தின் நடுவே அது பிளக்கின்றது; மண்டபம் சிரிக்கின்றது. மறுநாள் வேறொரு சிறுவன் வந்து நிற்கின்றான். முதல்வன் அதன்பின் பாடுவதேயில்லை. ஆசிரியப் பணியில் இக்காட்சியை யாம் எத்தனையோ முறை கண்டுள்ளோம். அவனை மேற்குரலிற் பாடவைக்குமாறு யாம் சொல்லவில்லை; நம்மிசை அதனை வேண்டவுமில்லை. சுருதிப்பெட்டியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, தனியே நிறுத்தாது பத்துப் பேரோடு சேர்த்து, தொண்டையை வருத்தாமல் ஓராண்டு பாடவிட்டால் போதுமே. நம் பாடசாலைகளிற் பலவற்றில் அத்தகைய ஆண்பிள்ளைகளுக்கெனக் குழுப்பாட்டு என்பதே இல்லை. பெரிய செலவில் வாத்தியங்கள் வாங்கித் தர முன்வரும் பழைய மாணவர் சங்கங்கள், கிழமைக்கு ஒரு மணிநேரம் இத்தகைய வகுப்பொன்றை நடத்தும் இசையாசிரியர் ஒருவர்க்கு வேதனம் கொடுக்க முன்வருமாயின், அது வாத்தியத்தினும் நீடித்துப் பயன்படும். பேராலயங்கள் டெலருக்குத் தந்தது ஒரு பலகையும், ஓர் ஏடும், நாள்தோறும் பாடக் காரணமும் மாத்திரமே.

டெலர் 1979 ஜூலை 16ஆந் திகதி இத்தாலியிலுள்ள பொலோனா நகரில் தம் 67ஆம் வயதிற் காலமானார். மைந்தர் மார்க் டெலரும் மேற்குரலோரே. தந்தையின் குழுவிற் பாடியவர். பேராலயங்களின் நிலை அதன்பின் பெரிதும் மாறியது. ஆடவர்க்கே உரியதாயிருந்த அல்ரோப் பலகையில் பெண்களும் இடம்பெறலாயினர். புனித பவுல் பேராலயம் 2017இல் முதன்முறையாக ஒரு பெண்ணை நிலையான பாடகராக நியமித்தது. பழைய ஓசை கெட்டுவிடும் என்று இதற்கு அஞ்சுவோரும் உளர். ஒருகாலத்து டெலரைக் கேட்டு இது ஆடவர்க்கு அடாத குரல் என்றனர். இன்று பெண்ணைக் கண்டு இது ஆடவர்க்குரிய பலகை என்கின்றனர். இரண்டு வாதமும் எமக்கு ஒரு தரத்தனவாகவே தோன்றுகின்றன.

இலண்டன் மாநகரில் வாழும் நம் பழைய மாணவர் பலர் இம்மலரைப் பெறுவர் என்று அறிகின்றோம். புனித பவுல் பேராலயத்து மாலை வழிபாட்டுக்குக் கட்டணமில்லை. எச்சமயத்தவரும் சென்று அமரலாம். ஓய்வுள்ள ஒரு மாலையிற் சென்று, சிறார்க்குப் பின்னால் நிற்கும் பெரியோர் வரிசையிலிருந்து எழும் இடைக்குரலைச் செவியால் தேடிப் பாருங்கள். முதலில் அகப்படாது. சங்கீதத்தின் மூன்றாம் நான்காம் அடிக்குள் அகப்பட்டுவிடும்.